குறை எதுவும் இல்லை, ஐயா

அந்தப் படிவத்தை எழுதிய ஆசாமி மட்டும் கையில் கிடைத்தால் என்று அவள் பல்லைக் கடிக்காத நாளே கிடையாது. மொத்தம் பதினோரு பக்கம். முன்னாள் படைவீரர்களுக்கான மனநல இல்லத்தில் தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை அதை நிரப்பிக் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். அவர் இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கலாமா, பெட்டியைக் கட்ட வேண்டியதுதானா என்று மூன்று பேர் கால் மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். முதல் பத்துப் பக்கத்தை இல்லத்தின் உளவியலாளரான அவள் எழுதுவாள். பதினோராம் பக்கம் இருக்கிறதே, அதுதான் கழுத்தறுப்பு. ‘தங்கியிருப்பவர் தம் குறைகளையும் தேவைகளையும் தாமே தம் வாயால் தெரிவிக்க வேண்டும். அவருக்காகப் பிறர் பேசக் கூடாது.’

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனிதனை மனிதனாக மதிக்கிறார்களாம்! இருபது வருடம் படையில் இருந்தவரைக் கூப்பிட்டு, மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, ‘ஏதாவது குறை உண்டா’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, ‘குறை எதுவும் இல்லை, ஐயா’ என்பார். காதுக்குள் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தாலும் அதையேதான் சொல்வார்.

நாலு மாதத்துக்கு முன்பு மெஸ்காரர் அப்படித்தான் சொன்னார். படையில் இருநூறு பேருக்குச் சமைத்துப் போட்டவர், இல்லத்தில் எட்டு வருடம் இருந்தவர். குழு பூரித்துப்போய் ‘தேறிவிட்டார்’ என்று முத்திரை குத்தி அனுப்பிவைத்தது. நாற்பத்திரண்டாம் நாள் ரயில் நிலையத்து நடைமேடையின் கோடியில் செத்துக் கிடந்தார். சட்டைப்பையில் இல்லத்தின் பெயரையும் அவளுடைய அறை எண்ணையும் எழுதிய துண்டுச் சீட்டு இருந்ததால் செய்தி அவளிடம் வந்தது. அதை அவருடைய கோப்பில் எழுதி வைக்கலாமென்று கிளார்க்கிடம் போனாள்.

“அது மூடின கோப்பு மேடம். மூடின கோப்புல எதுவும் எழுத முடியாது” என்றார் கிளார்க்.

“ஆளே செத்துட்டாருங்க.”

“இங்கேருந்து போகும்போது உயிரோடதான போனாரு? நமக்கு அதோட முடிஞ்சுது மேடம்.”

கிளார்க் கெட்டவர் இல்லை. விதிமுறைப் புத்தகத்தை முழுசாக விழுங்கிவிட்டு, கேட்கிறவர்கள் முகத்திலெல்லாம் ஏப்பம் விடுகிறவர், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் மாடிப்படிக்குக் கீழே, பழைய சக்கர நாற்காலிகளை அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள்.

இப்போது முறை வயர்லெஸுக்கு வந்திருந்தது.

வயர்லெஸ் என்பது இல்லத்துக்காரர்கள் வைத்த பெயர். ஐம்பத்து நான்கு வயது. படையில் ரேடியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். பெட்டியைத் திருப்பிக் கொடுத்து எத்தனையோ வருடம் ஆயிற்று, மண்டைக்குள் மட்டும் அது அணையவேயில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் சத்தம் முணுமுணுப்பாக இருக்கும். ஊசி தப்பினால் சாப்பாட்டை நிறுத்துவார், கதவுக்குப் பின்னால் காவல் உட்காருவார், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார். ஆறு வருடத்துக்கு முன்பு அப்படிக் கிளம்பி, மூன்று மாதம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் அகப்பட்டார். ஈரக் காலணியைக் கழற்றாமலே நடந்து நடந்து கால் அழுகிப்போய், இடது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நிலையில்தான் அவளிடம் வந்து சேர்ந்தார்.

தன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க அவளுக்கு ஒரு வருடம் ஆனது. கல்லில் நார் உரித்த கதைதான். இன்றைக்கு அவர் இல்லத்தின் சலவை அறையையே பார்த்துக்கொள்கிறார். அவர் மடித்த போர்வையின் மூலையை அளவுகோல் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு கச்சிதம். வினையே அதுதான். முன்பெல்லாம் ஆளைப் பார்த்ததுமே குழு இன்னொரு வருடம் கொடுத்துவிடும். ஆளைத் தேற்றத் தேற்ற, ‘இவருக்கு எதற்கு இல்லம்’ என்று கேட்கிறார்கள். தேற்றாமல் விட்டால், ‘நீ எதற்குச் சம்பளம் வாங்குகிறாய்’ என்று கேட்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு அவர் அவளுடைய அறைக்கு வருவார். உள்ளே வந்து உடனே உட்காரமாட்டார். வாசலில் நின்று முதலில் அவளுடைய பாதத்தைப் பார்ப்பார்.

“கால் எப்படி டாக்டரம்மா?”

நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதுகிற ஆள் வேறு என்று நூறு தடவை சொல்லி ஓய்ந்துவிட்டாள். “நல்லா இருக்கு சார்.”

“தண்ணி?”

“குடிச்சாச்சு.”

“தூக்கம்?”

“ஆச்சு சார்.”

“நெனப்பு?”

“ஒண்ணுமில்ல, எல்லாம் சரி. உக்காருங்க.”

சுங்கச்சாவடியில் சில்லறை நீட்டுவதுபோல இந்த நாலு பதிலையும் நீட்டினால்தான் வண்டி நகரும். ஒருமுறை, “இன்னிக்கு எதுவும் கேக்காம உக்காருங்களேன்” என்று சொல்லிப் பார்த்தாள். மனிதர் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவள் மல்லுக்கட்டவில்லை. அவர் போனதும் கோப்பைத் திறந்து முதல் வரியாக எழுதுவாள்: ‘வழக்கம்போலத் தொடர்பில்லாத கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நோயின் அறிகுறி நீடிக்கிறது.’ ஆறு வருடமாக அதே வரி. கையே பழகிவிட்டது.

குழு கூடிய நாளில் வயர்லெஸ் மழுமழுவென்று சவரம் செய்து, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்து நின்றார். கொஞ்சம் அழுக்காக வாங்களேன் என்று சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றி, தன்னையே நொந்துகொண்டாள். சுத்தமாக இருக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தானே.

“உங்களுக்கு ஏதாவது குறை, தேவை உண்டா?” என்று குழுத் தலைவர் கேட்டார். நிர்வாகத்துக்காரர், வாட்சைப் பார்த்தபடியே பேசுகிறவர்.

“குறை எதுவும் இல்லை, ஐயா.”

“வெளிய போனா சமாளிச்சுக்குவீங்களா?”

“உத்தரவுன்னா சமாளிப்பேன், ஐயா.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவள் கையைத் தூக்கினாள். “சார், பத்துப் பக்கத்துல விவரமா எழுதியிருக்கேன். ஊசி ரெண்டு தடவை தப்பினாப் போதும்...”

“படிச்சோம் மேடம்” என்றார் தலைவர். படித்த லட்சணம் மேசையிலேயே தெரிந்தது. தாள்களைச் சேர்த்து அவள் குத்தியனுப்பிய குண்டூசி அப்படியே இருந்தது, ஒரு தாள்கூட மடங்கவில்லை. “உங்க வேலை எவ்வளவு நல்லா இருக்குங்கறதுக்கு இவரே சாட்சி. பாராட்டுகள்.”

முப்பது நாளில் இல்லத்தைக் காலி செய்ய வேண்டும் என்று மறுநாள் உத்தரவு வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது வயர்லெஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, “சலவைச் சாவிய யார்கிட்ட ஒப்படைக்கணும் டாக்டரம்மா?” என்றார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் குழுவின் மேலா, இந்த மனிதரின் மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

மேல்முறையீடு செய்யப் பத்து நாள் அவகாசம் உண்டு. ஒன்பதாம் நாள் மாலை, அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்துவிட வேண்டுமென்று மனுவோடு மாடிப்படியில் ஓடியவளுக்கு இடது கணுக்கால் பிசகியது. நொண்டிக்கொண்டே போய் நீட்டினாள். கிளார்க் வாங்கிப் புரட்டிப் பார்த்து, “மூணு நகல் வேணும் மேடம்” என்றார். அந்தக் காலோடு மறுபடி ஏறி இறங்கினாள்.

வயர்லெஸுக்கு உறவென்று இருப்பது ஒரே ஒரு அக்கா. தகவல் போனதும் ஓடிவந்துவிட்டாள்.

“எந்தம்பி எனக்கு பாரமில்லம்மா” என்றாள் அக்கா, புடவைத் தலைப்பைக் கசக்கியபடி. “மகன் வீட்டுல ரெண்டே ரூமு. அதுல ஏழு பேரு. போன தடவ வந்தப்ப பதினோரு நாளு கதவுக்குப் பின்னாடி தொடப்பக்கட்டைய புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். கொழந்தைங்க மூத்திரம் போகக்கூட பயந்துச்சுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. அவனே புரிஞ்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டான். போன தடவ ரெண்டு வெரலு போச்சு. இந்தத் தடவ என்ன போகும்?”

“போகவிடமாட்டேங்க்கா” என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர, எந்த தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒத்திகை ஆரம்பமாயிற்று. அவள் மேசைக்குப் பின்னால் குழுத் தலைவராக உட்கார்ந்து, குரலைத் தடிப்பாக்கிக் கேட்பாள்.

“உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?”

“குறை எதுவும் இல்லை, ஐயா!”

“சார்! காதுல சத்தம் கேக்குதுன்னு இப்பதான சொன்னீங்க?”

“கேக்குது டாக்டரம்மா.”

“அத அவங்ககிட்ட சொல்லணும்.”

“அது குறை இல்லயே. அது டியூட்டி.”

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “சரி, தூக்கம் வரலன்னா அது குறைதான?”

வயர்லெஸ் விறைப்பாக நிமிர்ந்தார். “ஒரு தடவ பரேடுல ஒருத்தன் பூட்ஸ் கடிக்குதுன்னு சொன்னான் டாக்டரம்மா. அவன் ஒருத்தன் சொன்னதுக்கு முப்பது பேரும் மழையில நின்னோம். சாயந்திரம் வரைக்கும். தன் குறைய தானே சொல்றது தப்பு.”

“இங்க யாரும் மழையில நிக்கமாட்டாங்க சார்.”

“சொல்லமுடியாது டாக்டரம்மா” என்றார், இல்லத்தின் மற்ற பதினோரு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு.

கடைசியில் அவள் இறங்கிவந்தாள். நீளமாக எதுவும் வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘எனக்கு இந்த இடம் வேணும்.’ இதை மட்டும் சொன்னால் பதினோராம் பக்கம் நிரம்பிவிடும். பன்னிரண்டு நாள் பழக்கினாள். அறைக்குள் சொன்னார். வராந்தாவில் சொன்னார். சலவை அறையில் போர்வை மடித்துக்கொண்டே சொன்னார். ஒரு நாள் அவள் கேட்காமலே சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

வீட்டில் அவள் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தபடி கேட்டார். “நீ இந்த வீட்டுல குடியிருக்கியா, அந்தப் படிவத்துல குடியிருக்கியா? கால் வேற வீங்கியிருக்கு. என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றாள்.

மேல்முறையீட்டைக் கேட்டது வேறு குழு. அதன் தலைவர் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர், நரைத்த மீசைக்காரர். இவராவது பத்துப் பக்கத்தைப் புரட்டியிருந்தார், ஓரங்களில் பென்சில் குறி தெரிந்தது. கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்து, வாயிலிருந்து விழுவதை எழுதத் தயாராக இருந்தார். அவள் சுவரோரம் நின்றாள். கேட்டாலொழியப் பேசக் கூடாது.

“உங்களுக்கு ஏதாவது குறையோ தேவையோ உண்டா?” என்று தலைவர் கேட்டார்.

வயர்லெஸ் வாயைத் திறந்தார். ‘எனக்கு’ என்கிற வார்த்தைக்கு உதடு குவிவதை அவள் பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, சொல்லுங்க சார், சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவருடைய கண் தலைவரின் சட்டையில் குத்தியிருந்த பழைய படைச் சின்னத்தில் போய் நின்றது. குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொண்டன.

“குறை எதுவும் இல்லை, ஐயா.”

போச்சு. பன்னிரண்டு நாள் உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். கிளார்க் அதை அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. தலைவர் பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடினார். மூடும்போது, அந்தக் காலத்துப் பழக்கத்தில் ஒரு கேள்வியை உதிர்த்தார்.

“வேற ரிப்போர்ட் ஏதாவது?”

“உண்டு, ஐயா.”

தலைவர் நிமிர்ந்தார். “யாரப் பத்தி?”

“என் கூட்டாளியப் பத்தி, ஐயா.”

யார் கூட்டாளி என்று அவள் விழித்தாள். அவருடைய அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். ஆனால் வயர்லெஸ் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

“கால்: இடது கணுக்கால் வீக்கம், பதினேழு நாளா. காட்டிக் கட்டுப் போடல. நொண்டறது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சுவரப் புடிச்சுக்கிட்டு நடக்கறாங்க. தண்ணி: மேசைப் பாட்டில் காலைல எந்த அளவோ சாயந்திரமும் அதே அளவு. மத்தியானச் சாப்பாடு வாரத்துல ரெண்டு நாள்தான். தூக்கம்: இல்ல. பேனாவ மூடாம பையில போடறாங்க. நெனப்பு: மெஸ்காரரப் பத்தி. செய்தி வந்த அன்னிக்கு மாடிப்படிக்குக் கீழ எட்டு நிமிஷம் அழுதாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு தடவ. கேட்டா எல்லாம் சரின்னு சொல்றாங்க. அது பொய், ஐயா. ஆறு வருஷமா பொய். தனியா நிக்கவைக்கக் கூடாத நிலை. மாத்து ஆள் வேணும். ரிப்போர்ட் முடிஞ்சுது, ஐயா.”

கிளார்க்கின் பேனா தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “முன்வரிசைக் காவல்ல ரெண்டு ரெண்டு பேரா நிறுத்துவாங்கம்மா. ஒருத்தன் நிலைய இன்னொருத்தன் பாக்கணும். கால், தண்ணி, தூக்கம், நெனப்பு. தன்னப் பத்தித் தான் சொல்லக்கூடாது, கூட்டாளியப் பத்தி மறைக்கக்கூடாது. இவர் உங்கள இதெல்லாம் கேட்டதில்லையா?”

கேட்டதில்லையாவா! முந்நூறு செவ்வாய்க்கிழமை. அத்தனை தடவையும் அந்த மனிதர் ஒரே ஆளாகக் காவலில் நின்று அவளைக் கேட்டிருக்கிறார். அவள் அதை வியாதியென்று எழுதி வைத்திருக்கிறாள்.

“கேட்டிருக்காரு” என்றாள்.

“இவர் சொன்னது உண்மையா?”

“இல்ல சார். ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான்...”

வாய் தன்னால் சொல்லிவிட்டது. வயர்லெஸ் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பொறுமையாக, இன்னொரு தடவை கேட்கத் தயாராக நின்றார்.

“இல்ல சார். அவர் சொன்னது நெசம். எதுவுமே சரியில்ல.”

“அப்ப எதிர் ரிப்போர்ட் கொடுங்க” என்றார் தலைவர். “நான்தான கேக்கறேன், நீங்க பேசலாம். உங்க கூட்டாளி நிலை என்ன?”

அவள் வாயைத் திறந்தாள். அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன? மருந்தின் அளவு தெரியும், மனநிலைச் சோதனையில் வாங்கிய மதிப்பெண் தெரியும், ஆறு வருடத்து வரைபடமே தெரியும். ஆனால் கால்? அவருடைய கால் இப்போது எப்படியிருக்கிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நாலு கேள்விக்கும் பதில் சொல்லித் தள்ளிவிட்டாளே தவிர, ஒன்றையாவது திருப்பிக் கேட்டாளா? வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவரை விட்டு நொண்டிக்கொண்டே அவருக்கு எதிரே போய் நின்றாள்.

“கால் எப்படி சார்?”

ஆறு வருடமாக அந்தக் கேள்விக்காகத்தான் நின்றுகொண்டிருந்தவர்போல வயர்லெஸ் உடனே பதில் சொன்னார்.

“வலது கால்ல மூணு வெரல்ல உணர்ச்சி இல்ல டாக்டரம்மா. வெந்நி பட்டாலும் தெரியல.”

“தண்ணி?”

“ராத்திரி குடிக்கறதில்ல. எந்திரிச்சுப் போனா காவல் விட்டுப்போயிரும்.”

“தூக்கம்?”

“கட்டில்ல படுக்கறதில்ல. போர்வைய மடிச்சு வெச்சுட்டு கதவுக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். நர்ஸம்மா விடியக்காலம் வந்து சத்தம் குடுத்தா ஒரு மணி நேரம் கண் அசருவேன்.”

“நெனப்பு?”

“வெளிய அனுப்பினா அக்கா வீட்டுக்குப் போகமாட்டேன். கொழந்தைங்க பயப்படும். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவேன். அங்க ஊசி போட ஆள் இல்ல. ரெண்டு மாசம் தாங்குவேன் டாக்டரம்மா, அதுக்கு மேல தாங்கமாட்டேன். எனக்கு இந்த இடம் வேணும்.”

கிளார்க் தலைவரைப் பார்த்தார். “ஐயா, இவர் மேடத்துக்கிட்டதான சொல்றாரு? குழுகிட்ட சொல்லலயே?”

“அவர் வாயாலதான வந்துச்சு?” என்று தலைவர் மேசையைத் தட்டினார். “தாமே தம் வாயால்னுதான போட்டிருக்கு? ஒரு எழுத்து விடாம எழுதுய்யா!”

ஒரு வருடம் கிடைத்தது. ஒரே ஒரு வருடம். அடுத்த வருடம் இதே பதினோரு பக்கம், வேறு மூன்று பேர், வேறு வாட்ச். ஆனாலும் அக்கா போனில் ஓவென்று அழுதாள். வயர்லெஸ் சலவைச் சாவியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏதோ ஒன்று உள்ளே நெருடிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நேராகக் கிளார்க்கின் அறைக்குப் போனாள்.

“மெஸ்காரர் கோப்பு வேணும்.”

“அது மூடின கோப்பு மேடம்.”

“எழுதறதுக்குக் கேக்கல. படிக்கணும்.”

கிளார்க் அவளுடைய முகத்தைப் பார்த்தார். நேற்றைய ரிப்போர்ட்டை எழுதிய கை அல்லவா, இன்றைக்கு விதிமுறை எதையும் எடுத்து விடவில்லை. பரண்மேல் ஏறித் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அவள் நின்றுகொண்டே பிரித்தாள். வேண்டாம், இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தாளைப் புரட்டினாள்.

இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய அவளுடைய கையெழுத்தில், முதல் பக்கத்திலேயே இருந்தது. ‘கால் வலிக்கிறதா, தண்ணீர் குடித்தீர்களா எனப் பொருத்தமில்லாமல் விசாரிக்கிறார்.’ மூன்றாம் பக்கத்தில், ஏழாம் பக்கத்தில், இருபதாம் பக்கத்தில். பிறகு, இரண்டு வருடம் கழித்து ஒரு தேதியில், ‘முன்னேற்றம்: தேவையற்ற கேள்விகள் நின்றுவிட்டன’ என்று எழுதி, அடியில் மகிழ்ச்சியோடு ஒரு கோடும் இழுத்திருந்தாள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு வாரமும் ஒரே பதில்தான். ‘குறை எதுவும் இல்லை என்கிறார்.’

குழுவையும் படிவத்தையும் இத்தனை மாதமாகத் திட்டித் தீர்த்தாளே! மெஸ்காரர் இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, இவள் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அப்படியும் அவளுடைய அறை எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். அவள் கிளார்க்கின் மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“மேடம், மூடின கோப்புல எழுதக் கூடாது.”

அவள் ‘முன்னேற்றம்’ என்ற அந்த வரியைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்: ‘கூட்டாளி இரண்டு வருடம் விசாரித்தார். நான் ஒருமுறைகூடத் திருப்பி விசாரிக்கவில்லை.’ தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

“இதுக்கு மெமோ வரும் மேடம்” என்றார் கிளார்க், ரொம்ப மெதுவாக.

“வரட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.